காற்றும் எண்ணெயும்: செட்டிநாட்டு வழியில்

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். பர்மா தேக்குத் தூண், உத்திரத்தில் செதுக்கிய வேலைப்பாடு, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த சுவரின் பளபளப்பு. இந்த முறை நான் வந்தது அவற்றைப் பார்க்க அல்ல. இந்த வட்டாரத்தில் இன்றைக்கு நடக்கும் வேலைகளைப் பார்க்க வந்தேன். பாரம் எப்படித் தூக்கப்படுகிறது, பாறை எப்படி உடைகிறது, பேருந்து எப்படி நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு போனால், பதில் அநேகமாக ஒரு குழாய்க்குள் இருக்கிறது. ஒன்று அடைத்து வைத்த காற்று, அல்லது அடைத்து வைத்த எண்ணெய். பொறியியல் பாடத்தில் முன்னதை நியூமேட்டிக் என்றும் பின்னதை ஹைட்ராலிக் என்றும் பிரித்துப் படிப்போம். பட்டறையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

தொடக்கம் ரயிலிலேயே. எழும்பூரிலிருந்து வரும் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி சந்திப்பில் வந்து நிற்கும்போது பெட்டிகளுக்கு அடியில் நீளமாக ஒரு ‘புஸ்’ கேட்கும். எல்லோரும் பெட்டி படுக்கையை இறக்குவதில் இருப்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை. ரயிலின் முனையிலிருந்து கடைசிவரை ஓடும் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிறைந்திருக்கிறது. ஓட்டுநர் பிரேக் போடுவது என்றால் அந்தக் குழாயிலிருந்து காற்றை வெளியே விடுவதுதான். குழாயில் அழுத்தம் குறைந்ததும் ஒவ்வொரு பெட்டியிலும் தனியாகச் சேமித்து வைத்திருக்கும் காற்று பாய்ந்து, பிரேக்குகளை இறுக்குகிறது. அபாயச் சங்கிலியை இழுத்தாலும் இதே கதைதான். காற்று வெளியேறும், வண்டி நிற்கும்.

இந்தத் தலைகீழ் ஏற்பாடு அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் தந்தது. 1869-ல் அவர் காப்புரிமை பெற்ற முதல் பிரேக், குழாயில் காற்றை அனுப்பிச் சக்கரத்தைப் பிடித்தது. ஆனால் நடுவில் குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. 1872-ல் அதை மாற்றி அமைத்தார். குழாய் அறுந்தால், பெட்டி கழன்றால், ரயில் தானாக நிற்கும். நம் ஊர் மீட்டர் கேஜ் வண்டிகளில் வெகுகாலம் இருந்தவை வெற்றிட பிரேக்குகள். அவற்றைத் தள்ளியது வெளியிலிருக்கும் வளிமண்டலக் காற்று மட்டும். எவ்வளவு முயன்றாலும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவுக்கு மேல் அழுத்தம் கிடைக்காது. நீளமான, வேகமான வண்டிகளுக்கு அது போதவில்லை.

காலையில் காரைக்குடி பேருந்து நிலையம். மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகத்துக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் இது. இப்போது கும்பகோணம் கோட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. முதல் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், ஓட்டுநர் என்ஜினைப் போட்டுவிட்டு நகராமல் இருந்தார். முன்னால் நின்ற ஒருவர், “என்னண்ணே, எடுக்கலாமா?” என்றார். “காத்து ஏறட்டும்” என்று ஒரே பதில். அவர் பார்வை டேஷ்போர்டு முள்ளின்மேல் இருந்தது. இரவில் மெல்லக் கசிந்து குறைந்த காற்றைக் கம்ப்ரசர் திரும்ப நிரப்பும்வரை நிறுத்தும் பிரேக் விடாது. ஏனென்றால் அந்த பிரேக்கைப் பிடித்திருப்பது கனத்த ஸ்பிரிங். அதைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பதுதான் காற்றின் வேலை. காற்று இல்லாத பேருந்து ஓடக்கூடாது என்பதைச் சட்டமாக எழுதாமல் இரும்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பேருந்துக்குக் காற்று என்றால் காருக்கு எண்ணெய். ஊருக்கு வெளியே ஒரு பட்டறை வரிசையில் காருக்கு பிரேக் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு பையன், சக்கரத்தருகே மெக்கானிக். “மிதி... மிதி... மிதிச்சுப் பிடி” என்றதும் பையன் பெடலை அழுத்திப் பிடிக்கிறான். மெக்கானிக் சிறு நிப்பிளைக் கால் திருகு திறக்கிறார். கண்ணாடிக் குழாய் வழியே எண்ணெயும் நடுநடுவே காற்றுக் குமிழிகளும் வருகின்றன. நிப்பிளை மூடிவிட்டு, “விடு.” குமிழி நிற்கும்வரை இதே சொற்கள் திரும்பத் திரும்பக் கேட்டன.

“ஏர் கொஞ்சம் இருந்தாலும் பெடல் மெத்துன்னு இறங்கும் சார். வண்டி நிக்காது” என்றார்.

பேருந்தின் பிரேக்குக்கு வேண்டிய காற்று, காரின் பிரேக்குக்குள் புகுந்தால் ஆபத்து. எண்ணெயை அழுத்தினால் அது ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. பெடலில் கொடுத்த தள்ளல் அப்படியே நாலு சக்கரத்துக்கும் போய்ச் சேர்கிறது. நடுவில் ஒரு குமிழி இருந்தால் கால் கொடுக்கும் வலு அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். டீசல் தீர்ந்து நின்ற டிராக்டரில் டீசலை ஊற்றினாலும் உடனே ஸ்டார்ட் ஆகாது, “ஏர் எடுக்கணும்” என்பார்கள். அதுவும் இதே காரணம்தான். மூடிய பாத்திரத்திலிருக்கும் திரவத்தின்மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் பரவும் என்று பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் எழுதியதை, அந்தப் பையன் தன் கால் பாதத்தில் உணர்ந்து கற்றுக்கொண்டிருக்கிறான்.

பக்கத்து வாட்டர் சர்வீஸில் காற்றும் எண்ணெயும் கூட்டுச் சேர்ந்திருந்தன. காரை மேலே தூக்கும் ஒற்றைத் தூண் லிஃப்ட். கம்ப்ரசர் காற்று நேராகக் காரைத் தூக்குவதில்லை. எண்ணெய்த் தொட்டியின் மேல்பரப்பை அழுத்துகிறது. எண்ணெய் போய்த் தூணைத் தூக்குகிறது. காற்று மட்டும் இருந்தால் பாரம் துள்ளும், வெடுக்கென்று எழும். எண்ணெய் நடுவில் இருப்பதால் நிதானமாக ஏறி நிற்கிறது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தூண் என்றால் அடிப்பரப்பு ஏறக்குறைய 700 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் கொடுத்தால் மூன்றரை டன் தூக்கலாம். டயருக்குக் காற்றடிக்கும் அதே கம்ப்ரசர் ஒரு காரை அலட்டிக்கொள்ளாமல் தூக்கி நிறுத்துவதன் கணக்கு இவ்வளவுதான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. வீடுகள் பாகம் பிரிந்தபோதும் இடிக்கப்பட்டபோதும் வெளியே வந்த சாமான்கள்: சுவீடன் எனாமல் தூக்குகள், பித்தளைக் குத்துவிளக்குகள், கதவு நிலைகள். ஒரு மூலையில் பம்ப் ஸ்டவ்வும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் இருந்தன. இரண்டும் நியூமேட்டிக் இயந்திரங்கள் என்பதை இங்கேதான் யோசித்தேன். அடியில் மண்ணெண்ணெய், அதன் மேல் கையால் அடித்த காற்று. காற்று எண்ணெயை நடுக்குழாயில் ஏற்றுகிறது, சூடான பகுதியில் எண்ணெய் ஆவியாகிறது, ஆவி எரிகிறது. இந்த வட்டாரக் கல்யாணங்களில் விடிய விடிய வெளிச்சம் தந்தது, யாரோ ஒருவர் அடிக்கடி வந்து அடித்துவிட்டுப் போன காற்றுதான்.

கடைக்காரர் ஸ்டவ்வின் பம்ப் கம்பியை உருவிக் காட்டினார். நுனியில் சிறு கிண்ணம்போல ஒரு தோல் வாசர், காய்ந்து சுருங்கியிருந்தது. அடித்தால் காற்று ஏறவில்லை. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் விளிம்பை விரித்துவிட்டு, உள்ளே செருகி அடித்தார். இப்போது கம்பி எதிர்த்துத் தள்ளியது.

அந்தத் தோல் கிண்ணம்தான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த திறவுகோல். பம்பை அழுத்தும்போது காற்று கிண்ணத்துக்குள் நுழைந்து விளிம்பை வெளிப்பக்கமாக விரிக்கிறது. அழுத்தம் கூடக்கூட விளிம்பு சுவரை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. தப்பிக்கப் பார்க்கும் அழுத்தமே தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. 1795-ல் ஜோசப் பிராமா இங்கிலாந்தில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றபோது அவரை வாட்டிய பிரச்சினையும் கசிவுதான். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே தோலைக் கிண்ணமாக வளைத்து அதைத் தீர்த்தார் என்று சொல்வார்கள். பாஸ்கலின் விதி தெரிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் பிரஸ் வராமல் இருந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தத்தை உண்டாக்குவது பாதி வேலை. அதைக் கசியாமல் பிடித்து வைப்பது மறுபாதி. வாசர், ஆயில் சீல், ஓ-ரிங் என்று இன்று கடையில் அட்டைப் பெட்டியில் கிடக்கும் சில ரூபாய்ச் சாமான்கள் இந்த மறுபாதியைச் சுமக்கின்றன.

ஆத்தங்குடிக்குப் போனபோது என் கண் பிரஸ் எங்கே என்று தேடியது. பிரான்சில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய பூவேலை சிமெண்ட் கற்கள் பிரஸ்ஸில் அழுத்தியே செய்யப்படுகின்றன. ஆத்தங்குடிப் பட்டறையில் பிரஸ் இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சிமெண்ட் குழம்பு. அச்சை நேராகத் தூக்கி எடுத்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. உடனே மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவுகிறார்கள், அதன் மேல் ஈரக் கலவை, கரணையால் ஒரு தட்டு. உலர்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கிறார்கள். கண்ணாடி தானாக விடுபட, அதன் வழவழப்பு கல்லில் ஒட்டியிருக்கிறது.

பிரஸ் என்ன செய்கிறது? நிறக் குழம்பிலுள்ள மிகுதி நீரைப் பின்னாலிருக்கும் உலர்ந்த அடுக்குக்குள் தள்ளுகிறது. ஆத்தங்குடியில் அந்த நீரை உலர்ந்த மணலே உறிஞ்சிக்கொள்கிறது. தள்ளவேண்டியதை இழுக்கவைத்தார்கள், இயந்திரத்துக்குப் பதில் பொறுமையையும் வெயிலையும் வைத்தார்கள். இயந்திரம் இல்லாத இடத்தில் நீரின் போக்கைப் பற்றிய அறிவு இல்லை என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதை அந்தக் கல் சொல்கிறது.

திருப்பத்தூர்ச் சாலையில் பிள்ளையார்பட்டியில் இறங்கினேன். சதுர்த்தி விழாவில் தேரோடும் ஊர். தேரை இழுக்க ஆயிரம் கைகள் வரும். நிறுத்துவதும் திருப்புவதும்தான் கடினம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் உயிரைப் பணயம் வைத்து ஓடும் தேருக்கு அருகில் குனிகிறார். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை. திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தித் தந்தது. முட்டுக்கட்டை இன்றும் வேண்டும், ஆனால் மூலைகளில் தேரைத் திருப்புவதற்கே அது பெரிதும் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் ஹைட்ராலிக்ஸ் செய்த நல்ல காரியங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன், ஏனென்றால் அது காத்தது மனித உயிரை.

திருப்பத்தூரைத் தாண்டினால் மண் மாறி, பாறை தலைகாட்டுகிறது. சாலையோரத் தோப்பில் ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு போர் வண்டி நின்றது, திருச்செங்கோட்டிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுப் போர் வண்டிகளின் தலைநகர் அதுதானே. முதலில் நாலு ஹைட்ராலிக் ஜாக்கிகள் கீழே இறங்கி லாரியை மட்டமாக நிறுத்தின. பிறகு படுத்திருந்த கோபுரத்தை எண்ணெய் சிலிண்டர் மெல்ல நிமிர்த்தியது. ராடைச் சுற்றுவதும் கீழே இறக்குவதும் எண்ணெய்தான். ஆனால் பாறையை உடைப்பது காற்று. ராடின் நுனியில் இருக்கும் சுத்தியல், துளையின் அடியிலேயே இருந்துகொண்டு, அழுத்தக் காற்றால் மேலும் கீழும் துடித்து, டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பதித்த பிட்டை அடிக்கிறது. அடித்து முடித்த காற்று பிட்டைக் குளிர்வித்து, பாறைத் தூளையும் கிடைத்த தண்ணீரையும் மேலே ஊதிக்கொண்டு வருகிறது. தோப்புக்காரர் அந்த வெள்ளைத் தூள் எப்போது சேறாக மாறும் என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாறையின் கதை முழுக்கத் தூளின் நிறத்தில் மேலே வந்துகொண்டிருந்தது.

தண்ணீர் குறைவாக ஊறும் போர்களில் பிறகும் காற்றுதான். கம்ப்ரசர் மோட்டார் ஒரு மெல்லிய குழாய் வழியே காற்றை அடிக்கு அனுப்புகிறது. குமிழிகள் கலந்த தண்ணீர் இலேசாகி மற்றொரு குழாயில் ஏறி, விட்டுவிட்டு வந்து விழுகிறது. நிலத்துக்கடியில் தேயும் பாகம் எதுவும் இல்லை, மணல் வந்தாலும் கவலை இல்லை. மின்சாரம்தான் கூடுதலாகச் செலவாகும்.

சிங்கம்புணரி கயிற்று ஊர். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு மிஞ்சும் நார்க்கழிவு ஒரு காலத்தில் சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. இன்று அது கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. அதைச் சாத்தியமாக்கியது ஹைட்ராலிக் பிரஸ். பொலபொலவென்று லாரி முழுக்க நிறைந்திருக்கும் கழிவு, பெட்டிக்குள் கொட்டப்பட்டு, மேலிருந்து பிஸ்டன் இறங்கி எழுந்ததும் 5 கிலோ கட்டிகளாக வெளியே வருகிறது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன்மேல் எண்ணெய் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில் தள்ளினால் கட்டியின்மேல் இறங்குவது நூறு டன்னுக்கும் மேல். அழுத்தாமல் அனுப்பினால் கப்பல் கூலி காற்றுக்கே போய்விடும். வாங்குகிறவர் வீட்டில் தண்ணீர் ஊற்றியதும் அது மறுபடி உப்பிச் செடி வளர்க்கும் மண்ணாகிறது. பிரஸ்ஸில் நின்ற அம்மா ஒவ்வொரு முறையும் தன் கை வெளியே வந்துவிட்டதைப் பார்த்த பிறகே லிவரைத் தொட்டார். அந்தக் கவனத்துக்கு நான் தலைவணங்குகிறேன். அவர் கவனத்தை மட்டும் நம்பாமல், இரு கையாலும் அழுத்தினால்தான் இறங்கும் பொத்தானை ஒவ்வொரு பிரஸ்ஸிலும் வைப்பது முதலாளிகளின் கடமை.

சிவகங்கைப் பக்கம் வந்தால் கிராஃபைட். தமிழ்நாடு கனிம நிறுவனம் இங்கே அதை வெட்டி எடுக்கிறது. அரைத்த கல்லைத் தண்ணீரில் கலக்கி அதற்குள் காற்றுக் குமிழிகளை விடுகிறார்கள். கிராஃபைட் செதில்கள் தண்ணீரில் நனைய விரும்பாமல் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடுகின்றன. கல்தூள் அடியில் தங்குகிறது. காற்றால் பிரித்தெடுக்கப்படும் இந்தக் கனிமத்தைத்தான் உலகம் முழுக்கப் பம்புகளின் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கயிறாகத் திரிக்கிறார்கள். தனக்குத் தானே மசகாகி, சூட்டையும் தாங்கி, தண்டையும் தேய்க்காமல் அடைத்து நிற்கக்கூடிய பொருள் வேறு அதிகம் இல்லை.

திரும்பும் வழியில் ஒரு கிராமத்து ஊரணியில் ஜேசிபி தூர் வாரிக்கொண்டிருந்தது. பயணத்தில் பார்த்த எல்லாம் எனக்கு அங்கே ஒன்றுசேர்ந்தன.

செட்டிநாட்டு வீடுகளை ஊரணியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குள் நின்று பார்த்தாலே இது புரியும். ஓட்டுக் கூரைகள் வளவை, அதாவது நடு முற்றத்தை, நோக்கிச் சரிகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை வளவில் கொட்டி, வேண்டியது அண்டாக்களில் பிடிக்கப்பட்டு, மீதி கால்வாய் வழியே தெருவுக்கும், அங்கிருந்து ஊரணிக்கும் போகும். பம்ப் கிடையாது. மேட்டுக்கும் பள்ளத்துக்குமான வித்தியாசமே தண்ணீரை நடத்தியது. ஆற்று வளம் இல்லாத இந்த வறண்ட பூமியில் மாளிகைகள் எழுந்ததற்கு வணிகத்துப் பணம் ஒரு காரணம் என்றால், பெய்த மழையைப் பிடித்து வைக்கத் தெரிந்தது இன்னொரு காரணம். ஊரணித் தண்ணீரைப் பிடித்து வைத்தது கரை மட்டுமல்ல, அடியில் படிந்திருந்த களிமண். அதுதான் அந்தப் பெரிய பாத்திரத்தின் சீல்.

ஜேசிபியின் கை எண்ணெயால் இயங்குகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் அழுத்தம். எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ்கள் அதைச் சுமக்கின்றன. ஊசித்துளை அளவுக்கு ஒன்று கசிந்தாலும் அந்த எண்ணெய்ப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அதனால் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது, அட்டையை நீட்டிப் பார்க்க வேண்டும். இதை ஆபரேட்டர் நன்றாக அறிந்திருந்தார். கரையில் நின்ற பெரியவர் அறிந்திருந்தது வேறு. “தம்பி, வண்டல் வரைக்கும் எடுங்க. களியைத் தொட்டுறாதீங்க. தொட்டா தண்ணி நிக்காது” என்று சத்தம் போட்டார். ஆபரேட்டர் கையை நிறுத்தி, இறங்கி வந்து, மண்ணைப் பிசைந்து பார்த்து, “சரிங்கய்யா” என்றார்.

ஆழமாகத் தோண்டினால் அதிகத் தண்ணீர் நிற்கும் என்று நினைத்து, களிமண் அடுக்கைக் குத்திக் கிழித்து, மழை பெய்த சில வாரங்களில் வறண்டுபோன குளங்கள் நாட்டில் ஏராளம். எண்ணெயின் சீலைக் கண்போலக் காக்கும் இயந்திரத்தைக் கொண்டே மண்ணின் சீலைப் பிய்த்துவிடுகிறோம். வலு இருந்ததால் நடந்த தவறு அது. மண்வெட்டியால் வெட்டியவர் களிமண் தட்டுப்பட்டதும் தன் கையிலேயே உணர்ந்து நிறுத்தியிருப்பார். லிவரைப் பிடித்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் கைக்கு எட்டுவதில்லை. ஆகவே யாராவது சொல்ல வேண்டும், அவர் கேட்க வேண்டும்.

காரைக்குடியில் 1952-ல் தொடங்கிய அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஹைட்ராலிக்ஸ் பாடத்தை முடித்த வாரத்தில் பிரேக்கில் ஏர் எடுக்கும் பட்டறைக்கும், சிங்கம்புணரி பிரஸ்ஸுக்கும், தூர் வாரும் ஊரணிக்கும் போங்கள். எவ்வளவு அழுத்தம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதை எது பிடித்து வைத்திருக்கிறது என்றும் கேளுங்கள். ஊரணியில் இயந்திரத்தை இறக்கும் ஊராட்சிகளும், வேலையைத் தொடங்குமுன் களிமண் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று நாலு இடத்தில் குழி பறித்துப் பார்த்து, அதை ஆபரேட்டரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். செலவு ஒரு நாள் கூலி. அதைச் செய்யாவிட்டால் இழப்பது, பல தலைமுறைகள் கசியாமல் காத்துக் கொடுத்த தண்ணீர்.